புதுப்பிப்பு: டபுள் கெப்புக்கு எஞ்சின் டியூன் மட்டும் போதுமா, கியர்பொக்ஸுக்கும் வேண்டுமா?

போன மாதம் கேட்டிருந்தேன்: 2.8 லீட்டர் டீசல், 6 கியர் ஒட்டோ. கொழும்பிலிருந்து அரை டன் சாமானோடு ஹட்டன் போகும்போது, கினிகத்தேனை ஏற்றத்தில் நாலுக்கும் ஐந்துக்கும் இடையே கியர் ஓயாமல் மாறுகிறது, என்ன டியூன் (வாகனக் கணினியின் மென்பொருள் மாற்றம்) போடலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எஞ்சின், கியர்பொக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து டியூன் செய்யுங்கள், அதற்கு முன் கியர் ஒயிலை மாற்றுங்கள் என்று ஒரு அண்ணா சொன்னதுதான் சரிவந்தது. கியர்பொக்ஸ் கணினிக்குத் தனியாக ஒரு டோர்க் (சுழற்று விசை) எல்லை உண்டு. எஞ்சின் அதைத் தாண்டினால் ஒன்றில் அது எஞ்சினை அடக்கும், இல்லாவிட்டால் உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்கும். பெடல் பொக்ஸ் என்று விற்கும் கருவி அக்சலரேட்டர் சிக்னலை மட்டுமே மாற்றும், வலுவைக் கூட்டாது, அதை விட்டுவிட்டேன்.

பாரம் ஏற்றும் வாகனம் என்பதால் நடுத்தர டியூனையே எடுத்தேன். இப்போது எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டர் முன்னதாகவே லொக் ஆகிறது, அதாவது வழுக்காமல் நேராகப் பிணைகிறது. ஏற்றத்தில் நாலாம் கியரைப் பிடித்தபடி போகிறது. 110 பாகையைத் தாண்டிய கியர் ஒயில் சூடு 95க்குள் நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று. டியூனுக்கு முன் ஸ்கேனரில் பார்த்தால் டர்போ அழுத்தம் போதவில்லை. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் வெடிப்பு! கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கி மாற்றியதுமே பாதிச் சோர்வு போய்விட்டது. தயவுசெய்து காசு கட்டுமுன் இதைப் பாருங்கள்.

முதல் சில நாட்கள் கியர் முரட்டுத்தனமாக விழுந்தது, கியர்பொக்ஸ் கணினி பழகியதும் சரியாகிவிட்டது. புகைப் பரிசோதனையும் பாஸ். அப்புறம், சர்விஸில் கணினி மென்பொருளைப் புதுப்பித்தால் டியூன் அழிந்துவிடலாம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.