‘ரெஃபரன்ஸ் சோர்ஸ்’: பார்வை நூலா, உசாத்துணையா?

வணக்கம் நண்பர்களே,

நூலகவியல் முதலாண்டு மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். ரெஃபரன்ஸ் சோர்ஸ், அதாவது முழுவதும் படிக்காமல் வேண்டிய தகவலை மட்டும் தேடிப் பார்க்கும் அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவை, எத்தனை வகை, எதை எப்போது எடுப்பது என்பதுதான் பாடம். தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் ‘பார்வை நூல்’ என்று போட்டேன். இரண்டாம் பத்தியிலேயே இடறியது. ‘இணையப் பார்வை நூல்’, ‘தரவுத்தளப் பார்வை நூல்’ என்று நூலே இல்லாத இடத்தில் நூல் வருகிறது. ‘மேற்கோள் நூல்’ என்பதும் சரியில்லை. அகராதியைப் புரட்டிப் பொருள் பார்ப்பவர் யாரையும் மேற்கோள் காட்டவில்லையே. ‘குறிப்புதவி நூல்’ நல்ல சொல். அதை ‘குறிப்புதவி மூலம்’ என்று மாற்றிக்கொள்ளலாமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாடம் இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. அகராதி, கலைக்களஞ்சியம், ஆண்டுநூல், நிலப்படநூல் ஆகியவை கேட்டதற்கு நேராக விடை தருகின்றன. நூற்பட்டியலும் கட்டுரைச் சுட்டியும் விடை எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்கின்றன. இந்த வேறுபாடு மனதில் பதிந்தால்தான் எதை எப்போது எடுப்பது என்று மாணவர் தாமே முடிவுசெய்வார். இரண்டுக்கும் பெயர் வேண்டும்.

அன்புடன்,
க.

—

க. அவர்களுக்கு,

‘மூலம்’ வேண்டவே வேண்டாம். நம் பழைய பதிப்புகளின் முகப்பில் ‘மூலமும் உரையும்’ என்று இருக்குமே, அங்கே மூலம் என்பது ஆசிரியர் எழுதிய பாட்டு. கலைக்களஞ்சியக் கட்டுரையோ உரைக்கும் உரை. பலர் ஆராய்ந்து எழுதியதைப் படித்து இன்னொருவர் சுருக்கித் தந்தது. அதை மூலம் என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர் ஆய்வேட்டில் அதையே மூலச்சான்றாகக் காட்டுவார். பாடத்தில் பின்னால் இத்தகைய சுருக்கங்களை ‘மூன்றாம் நிலை மூலம்’ (டெர்ஷியரி சோர்ஸ்) என்றும் எழுத வேண்டி வரும். மூலம் என்றால் வேர். வேரில் மூன்றாம் நிலை ஏது?

உசாத்துணை என்று போடுங்கள். உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து ஆராய்தல். தொல்காப்பிய உரியியலில் ‘உசாவே சூழ்ச்சி’ என்று நூற்பாவே இருக்கிறது. துணை என்பது கூட வருவது, தன்னை வேர் என்று சொல்லிக்கொள்ளாது. புத்தகம், தரவுத்தளம், விவரம் அறிந்த ஆள் எல்லாம் அதற்குள் அடங்கும். இலங்கைத் தமிழில் இது புழங்கும் சொல்தான். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் பலவற்றின் அடியிலும் இந்தத் தலைப்பைப் பார்க்கலாம்.

செ.

—

செ. ஐயா,

நீங்கள் காட்டிய நூற்பாதான் எனக்குக் கவலை தருகிறது. இன்றைக்குச் சூழ்ச்சி என்றால் சதி. அதை வைத்து உசாவை விளக்கினால் மாணவருக்கு எது மிஞ்சும்?

நான் நூலகத்தில் விசாரணை மேசையில் பல காலம் இருந்தவள். வருகிறவர் கேட்கத் தயங்கிச் சுற்றிச் சுற்றி வருவார். அவர் கண்ணில் படும் பலகையில் தெரியாத சொல் இருந்தால் அப்படியே திரும்பிவிடுவார். ‘பார்வை’ என்றால் புரியும். அலுவலகக் கடிதங்களில் ‘பார்வை’ என்று போட்டுத்தானே முந்தைய கடித எண்ணைக் குறிக்கிறோம்? நூல் என்பது உறுத்தினால் ‘பார்வை வளம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ம.

—

ம. அம்மா,

சூழ்ச்சி தாழ்ந்தது பிற்காலத்தில். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறது குறள் 671. ஆராய்ந்து பார்ப்பதன் முடிவு துணிவுக்கு வருவது என்று பொருள். சதி அங்கே கிடையாது. சூழ்ச்சி கெட்டுப்போனது என்பதற்காக அதன் அருகில் நின்ற உசாவைத் தள்ளிவைப்பது நியாயமா? உசா கெடவில்லை, நாம்தான் எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டோம். பார்வை வளம் என்றால் கண் மருத்துவம் என்றல்லவா தோன்றும்?

செ.

—

வணக்கம்,

சொல்லை விட்டு ஒரு நிமிடம் பழக்கத்தைப் பார்ப்போம். திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாகச் செய்யுளில் அமைந்தவை. ஒரு சொல்லின் பொருள் தெரிய வேண்டுமானால் அது எந்தத் தொகுதியில் வரும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு அது கதவைத் திறக்காது. மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். அகரவரிசை வந்த பிறகுதான் ஒன்றும் தெரியாமல் வருகிறவரும் நேராகப் போய்ப் பொருளை எடுக்க முடிந்தது. ‘அகராதி’ என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது, அகரத்தை ஆதியாக உடையது என்று. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை, எடுக்கும் முறையைச் சொல்கிறது.

வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெயர் (ஒரு சொல்லுக்குள்ள பொருள்கள்), பொருள் (ஒரு பொருளுக்குள்ள பெயர்கள்), தொகை (தொகையாக வழங்குபவை), தொடை (எதுகைச் சொற்கள்) என்று நான்கு பகுதிகள். கேள்வி நான்கு விதம், ஆகவே கதவும் நான்கு. ‘எதை எப்போது எடுப்பது’ என்ற க.வின் பாடம் முழுவதும் அந்த ஒரு நூலின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஆகவே பெயர்களும் எடுக்கும் முறையிலிருந்தே பிறக்கட்டும். உசாத்துணையை ஏற்றால் இரண்டாம் சிக்கலும் தீரும். நேராக விடை தருவது விடைத்துணை. இருக்குமிடம் காட்டுவது வழித்துணை. பின்னது எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘இந்த ஆண்டு விளைச்சல் எவ்வளவு’ என்பவருக்கு விடைத்துணை, ‘இதைப் பற்றி யார் யார் எழுதியிருக்கிறார்கள்’ என்பவருக்கு வழித்துணை.

ர.

—

ர. தம்பி, வழித்துணை மனதில் ஒட்டுகிறது. ஆனால் ஒரு கேள்வி. கலைக்களஞ்சியக் கட்டுரையின் முடிவில் மேலும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் இருக்குமே, அப்போது அது விடைத்துணையா, வழித்துணையா?

விடைத்துணைக்குள்ளும் வேறுபாடு உண்டு, பாடத்தில் அதை விட்டுவிடாதீர்கள். தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாம் தொகுதி 1968இல். கடைசித் தொகுதி வரும்போது முதல் தொகுதியின் புள்ளிவிவரங்களுக்கு 14 வயது. ஒரு பொருளை முதன்முதலாக அறிந்துகொள்ள இன்றும் அதை எடுத்துக் கொடுக்கலாம். மக்கள்தொகையோ விளைச்சலோ கேட்பவருக்கு ஆண்டுநூலைத்தான் எடுக்க வேண்டும், அதிலும் பதிப்பாண்டைப் பார்த்து. மேசையில் நான் அதிகம் திருத்திய தவறு இதுதான்.

ம.

—

ம. அம்மா, பெயர் புத்தகத்துக்கு இல்லை, அந்த நேரத்துப் பயனுக்கு. கட்டுரையைப் படிக்கும்போது விடைத்துணை, பட்டியலைப் பிடித்துக்கொண்டு அடுத்த நூலுக்குப் போகும்போது வழித்துணை. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனும் புத்தகத்தை வைத்துப் பிரிக்கவில்லை. உடனே முடியும் சேவை, நீண்ட நேரம் பிடிக்கும் சேவை என்று வேலையை வைத்தே பிரித்தார்.

ர.

—

அனைவருக்கும் நன்றி.

நாளை வெள்ளி. தலைப்பில் ‘உசாத்துணை’ என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘பார்வை நூல், குறிப்புதவி நூல் என்றும் வழங்கும்’ என்று சேர்த்துவிட்டேன். விடைத்துணை, வழித்துணை இரண்டும் உள்ளே வந்துவிட்டன. நிகண்டு பற்றி ர. எழுதியதையும் ம. அம்மாவின் பதிப்பாண்டு எச்சரிக்கையையும் சுருக்கிச் சேர்த்திருக்கிறேன். மூலம் என்ற சொல்லை முதன்மைச் சான்றுகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். செ. ஐயா சொன்னதில் அதுதான் என்னை மாற்றியது.

க.

—

க.,

சரி, பாடத்தில் இருக்கட்டும். பலகைக்கு மட்டும் நான் ஒப்பவில்லை. அங்கே வந்து நிற்பவர் இந்தப் பாடத்தைப் படித்தவர் இல்லை. பலகையில் ‘பார்வை’தான் இருக்க வேண்டும், என் மறுப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊர், ஆறு, மலைப் பெயர்களை அகரவரிசையில் கொடுத்து இருப்பிடம் சொல்லும் கெசட்டியருக்கு என்ன போட்டீர்கள்? அவசரத்தில் ‘அரசிதழ்’ என்று விழுந்திருந்தால் இன்று இரவே மாற்றுங்கள், அது கெசட். எனக்கும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘இடப்பெயர்க் களஞ்சியம்’ வரைக்கும்தான் வர முடிந்தது.

ம.