முன்பணம் கொடுக்குமுன் ஏரியாவை எப்படிச் சோதிப்பது?

வீடு பிடித்துவிட்டது, ஏரியாதான் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் தரவேண்டும். 2வது மாடி, மெயின் ரோட்டிலிருந்து 3வது தெரு. கூட இருக்கப்போவது அம்மா. ஒருமுறை தூக்கம் கலைந்தால் மறுபடி தூங்கமாட்டார்.

காலை 8 மணிக்கு அங்கிருந்து ஆபீசுக்கு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன், 50 நிமிடம், பரவாயில்லை. இரவு 10 மணிக்குத் தெருவில் நடந்தேன். விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் லாரி போகும்போதெல்லாம் படுக்கையறை ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. வாசல் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறைக்கோடு, அதன்மேல் புதுப் பெயின்ட். மழைத்தண்ணீர் தேங்குமா என்று கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "பழகிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் உறுத்துகிறது.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது. மீதமிருக்கும் 4 நாளில் இரவுச் சத்தத்தையும் தண்ணீர் தேங்குவதையும் உறுதிசெய்ய எதைப் பார்க்கவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும்?