கழிமுக உப்புநீரில் கேமரா விழுந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்? (உதவி தேவை, அவசரம்)

ஆலா | முதல் நாள், காலை 8:20

கரைப்பறவைகளைப் படமெடுக்கும்போது ட்ரைபாட்டின் ஒரு கால் சேற்றில் புதைந்து, கேமரா லென்ஸோடு சாய்ந்து நீரில் விழுந்தது. முழங்கால் ஆழம்தான். பத்து நொடிக்குள் தூக்கியாயிற்று. விவரம் இதுதான்:

எஸ்எல்ஆர் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்), பாப்-அப் ஃப்ளாஷ் உள்ள மாடல். 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ். விழும்போது கேமரா ஆனில் இருந்தது. தூக்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். பேட்டரி அறைக்குள் நீர்த்துளிகள் தெரிகின்றன. வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) உள்பக்கமாகப் பனிபிடித்திருக்கிறது. மெமரி கார்டு இன்னும் கேமராவுக்குள்தான். நீர் கடலும் ஆறும் கலக்கும் இடத்து நீர், வாயில் வைத்தால் நன்றாகக் கரிக்கிறது. வீடு இரண்டு மணி நேரத் தொலைவு. வண்டியில் 20 லிட்டர் குடிநீர் கேன் இருக்கிறது.

எட்டு வருடமாகக் கைக்குப் பழகிய கேமரா, மனது கேட்கவில்லை. ஆனாலும் கார்டில் உள்ள படங்கள்தான் முதலில் வேண்டும், அடுத்தது லென்ஸ், பாடி கடைசி. அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா?

---

மடையான் | காலை 8:31

அரிசி வேண்டாம். அது ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு. மாவும் தூசியும் பொத்தான் இடுக்கிலும் மவுண்ட்டிலும் (லென்ஸ் பொருந்தும் வளையம்) போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். "ஆன் ஆகிறதா, ஒரு தடவை பார்ப்போம்" என்ற ஆசை வரும். தயவுசெய்து பார்க்காதீர்கள். கார்டை இப்போதே வெளியே எடுங்கள். பாடியைத் துடைத்து, எல்லா மூடிகளையும் திறந்து, ஃபேன் காற்றில் வைத்துவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்ட டப்பாவில் மூடுங்கள்.

---

திருப்புளி | காலை 8:44

ஆலா, காய வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள். மடையான் சொன்னது நன்னீருக்குச் சரி. உங்களுடையது உப்புநீர், இதில் வரிசையே வேறு: முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் காய வைக்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கழிமுகத்தில் அதைவிடக் குறையலாம், ஆனால் கரிக்கிறது என்றாலே போதுமான அளவு இருக்கிறது. காய வைத்தால் நீர்தான் போகும், உப்பு சர்க்யூட் போர்டின் மேலேயே படிந்துவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். அடுத்த மழைக்காலத்தில் தானாகவே ஈரமாகி மறுபடி அரிக்கத் தொடங்கும். "காய வைத்தேன், ஒரு மாதம் ஓடியது, பிறகு திடீரென்று நின்றுவிட்டது" என்று வரும் கேமராக்களைத் திறந்தால் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பேட்டரியைக் கழற்றினாலும் கேமராவில் மின்சாரம் முழுதாக நிற்பதில்லை. தேதி, நேரத்தைக் காப்பதற்கென உள்ளே ஒரு சிறிய பேக்கப் பேட்டரியோ கெப்பாசிட்டரோ (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) இருக்கும். அந்தச் சிறு மின்னோட்டமும் உப்புநீரும் சேர்ந்தால் செம்புத் தடங்கள் கரையும். அதனால் நேரம் முக்கியம்.

ஆனால் எல்லா உப்புநீர் விபத்துக்கும் கேமராவை நீரில் முக்கச் சொல்லமாட்டேன். அலைச்சாரல் மட்டும் பட்டு, பேட்டரி அறை, கார்டு அறை, வ்யூஃபைண்டர் மூன்றும் உலர்ந்திருந்தால் நீர் உள்ளே போகவில்லை என்று பொருள். அப்போது நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை மூன்று தடவை துடைத்தால் போதும். முக்கினால் வெளியில் இருந்த உப்பை நாமே உள்ளே அனுப்பியதாகிவிடும். உங்கள் கேமராவில் பேட்டரி அறையில் துளி, வ்யூஃபைண்டரில் பனி. உள்ளே போய்விட்டது, கழுவித்தான் ஆக வேண்டும்.

---

ஆலா | காலை 8:52

கார்டை எடுத்துவிட்டேன். கேன் நீரே போதுமா? கேமராவை நீரில் முக்குவதற்குக் கை நடுங்குகிறது.

---

திருப்புளி | காலை 8:59

நடுங்கத்தான் செய்யும். ஆனால் பாடி ஏற்கெனவே நனைந்தாயிற்று. இப்போது செய்வது உள்ளே இருக்கும் கெட்ட நீரை நல்ல நீரால் மாற்றுவது மட்டுமே.

லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றும்போது மவுண்ட் கீழ்நோக்கி இருக்கட்டும். லென்ஸைத் தனியாக வையுங்கள், அதை முக்கக் கூடாது. பாடியின் பேட்டரி மூடி, கார்டு மூடி, பக்கவாட்டு ரப்பர் மூடிகள் எல்லாவற்றையும் திறங்கள். பாத்திரத்தில் கேன் நீரை ஊற்றி, பாடியை முழுதாக முக்கி, ஒரு நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள். பேட்டரி இல்லாததால் பொத்தான்களை நீருக்குள்ளேயே அழுத்தி விடலாம், அடியில் தங்கிய உப்பு வெளியே வரும். பாடிக்குள் தெரியும் பிரதிபலிப்புக் கண்ணாடி, அதன் பின்னால் உள்ள ஷட்டர் பக்கம் விரலே போகக் கூடாது. நீரை வடித்துவிட்டு, புது நீரில் இன்னும் இரண்டு தடவை இதையே செய்யுங்கள். வேகமாகப் பீய்ச்சும் நீர் வேண்டாம், ஷட்டர் தகடுகள் வளைந்துவிடும்.

பிறகு ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். வழியில் காயவிடாதீர்கள், உப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் கரைசலாகவே இருக்கட்டும். வழியில் டிஸ்டில்ட் வாட்டர் 2 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், வண்டி பேட்டரிக்கு ஊற்றுவதுதான். வீட்டில் கடைசி அலசல் அதில். குடிநீரிலும் தாது உப்பு உண்டு, அது காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும்.

நனைந்த பேட்டரியை இனி சார்ஜ் செய்யவே கூடாது. லித்தியம் அயன் பேட்டரிக்குள் உப்புநீர் போயிருந்தால் உள்ளே ஷார்ட் ஆகி, சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம். முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே எரியாத இடத்தில் வைத்து, பேட்டரிக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கவும் வேண்டாம். பாப்-அப் ஃப்ளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும். பேட்டரி எடுத்த பிறகும் பல மணி நேரம் இருக்கும். பழகாத கை பட்டால் ஆபத்து.

---

ஒளித்துளை | காலை 9:20

கார்டைப் பற்றி நான் சொல்கிறேன், இதில் நம்பிக்கை நிறைய இருக்கிறது. கார்டுக்குள் உள்ள நினைவகச் சில்லு பிசினில் அடைக்கப்பட்டது, நீர் அதைத் தொடாது. கெடுவது வெளியே தெரியும் தங்கநிறத் தொடுமுனைகள்தான். நன்னீரில் அரை நிமிடம் அலசி, பஞ்சுமுனைக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு முனைகளைத் துடையுங்கள். 70 சதவீதம் என்று எழுதிய புட்டியில் மீதி 30 நீர், அது வேண்டாம். பென்சில் அழிப்பானால் தேய்க்கச் சொல்வார்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். 24 மணி நேரம் காற்றில் காயட்டும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே நீர் அசைவது தெரிந்தால் இன்னும் ஒரு நாள்.

எஸ்டி கார்டு என்றால் பக்கத்தில் உள்ள பூட்டை இறக்கிவிட்டு, கார்டு ரீடரில் மட்டும் போடுங்கள். வேறு கேமராவில் போட்டுப் பார்க்காதீர்கள், அது புதிதாக எதையாவது எழுதிவிடும். கணினி "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். விழும்போது கேமரா ஆனில் இருந்ததால் கோப்புப் பட்டியல் சிதைந்திருக்கலாம், படங்கள் அழிந்ததாக அர்த்தமில்லை. கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக (புகைப்படம் அல்ல, கார்டின் முழு நகல்) நகலெடுத்து, மீட்பு மென்பொருளை அந்த நகலின் மேல் ஓட்டுங்கள். ஃபோட்டோரெக் இலவசம், இமேஜ் கோப்பையும் படிக்கும்.

லென்ஸுக்கு: ஃபோகஸ் வளையத்தைச் சுழற்றாதீர்கள். சுழற்றினால் உள்ளே கண்ணாடித் தொகுதி நகர்ந்து, ஓரத்தில் நிற்கும் நீரை நடுவுக்கு இழுத்துவிடும். வெளிப்புறத்தை ஈரத்துணியால் மூன்று தடவை, பிறகு உலர்துணியால். பின்மூடியைத் திறந்து, மவுண்ட் கீழே இருக்கும்படி வலைத்தட்டின் மேல் நிறுத்துங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். சூட்டில் கண்ணாடியை ஒட்டிய பசை இளகும், எண்ணெய் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) தகடுகளுக்குப் பரவும், காற்றின் வேகம் நீரை இன்னும் உள்ளே தள்ளும்.

---

ஆலா | இரண்டாம் நாள், மாலை 6:05

சொன்னபடி பாடியை மூன்று தடவை கேன் நீரிலும், வீட்டில் டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு தடவையும் அலசினேன். ஃபேன் முன் வைத்திருக்கிறேன். கார்டு படிக்கிறது! 412 படங்களில் கடைசி இரண்டு மட்டும் திறக்கவில்லை, இமேஜ் கோப்பிலிருந்து ஒன்று மீண்டது. எல்லாருக்கும் நன்றி, கண் கலங்கிவிட்டது.

பாடியை எத்தனை நாள் காய வைக்க வேண்டும்? முடிந்தது என்று எப்படித் தெரியும்?

---

திருப்புளி | இரண்டாம் நாள், இரவு 8:30

படங்கள் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி.

ஃபேன் காற்று இரண்டு முழு நாள். வெப்பம் 40 டிகிரிக்குள் இருக்கட்டும், நேர்வெயில் வேண்டாம். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை கேமராவைத் திருப்பி வையுங்கள், இடுக்கில் நிற்கும் நீர் இறங்க வேண்டும். சொட்டும் ஈரம் இருக்கும்போதே சிலிக்கா ஜெல் டப்பாவில் அடைத்தால் ஜெல் சீக்கிரமே நிறைந்துவிடும், கேமரா ஈரக்காற்றிலேயே கிடக்கும். அதனால்தான் முதலில் காற்றோட்டம்.

பிறகு காற்றுப்புகாத 10 லிட்டர் டப்பா, அரை கிலோ சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் சேர்மம் உண்டு, சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள். நாள் கணக்கைவிட மானியை நம்புங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, ஒரு முழு நாள் ஏறாமல் நின்றால் முடிந்தது. இறங்கிவிட்டு மறுபடி ஏறினால் உள்ளே எங்கோ நீர் இருக்கிறது.

---

ஆலா | எட்டாம் நாள், காலை 10:15

ஈரப்பதம் 26-இல் நிலையாக நிற்கிறது. ஆனால் பேட்டரி அறையின் தொடுமுனைகளில் பச்சையாகப் பூத்திருக்கிறது. அடித்தட்டுத் திருகாணி ஒன்றைச் சுற்றி வெள்ளைப் பொடி. மேல் எல்சிடியின் ஒரு மூலை கறுத்திருக்கிறது. வேறு பேட்டரி போட்டு ஆன் செய்து பார்க்கலாமா?

---

திருப்புளி | எட்டாம் நாள், காலை 11:40

வேண்டாம். பச்சை என்றால் செம்பு அரித்திருக்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் உப்புநீர் பட்டதன் அடையாளம் அது. ஆனில் இருந்தபோது விழுந்ததால் முதல் பத்து நொடியிலேயே இந்தச் சேதம் தொடங்கியிருக்கும். நீங்கள் கழுவியதில் குறை இல்லை. வெள்ளைப் பொடி, உலோகச் சட்டமே அரிக்கிறது என்று காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இவ்வளவு என்றால், உள்ளே உள்ள ரிப்பன் கேபிள் (பட்டையான மெல்லிய கம்பி) இணைப்புகளுக்கு அடியிலும் இருக்கும்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போகலாம். "உப்புநீரில், ஆனில் இருக்கும்போது விழுந்தது" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தாலும் திறந்தவுடன் தெரியும், வீணாக ஒரு பரிசோதனைக் கட்டணம்தான் மிச்சம். மெயின் போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டு வருடப் பாடிக்குப் போர்டு போடும் செலவில், அதே மாடலில் நல்ல பழைய பாடி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒருவேளை உயிர் வந்தாலும், திரும்ப எடுக்க முடியாத ஒரு காட்சிக்கு அதை நம்பிப் போகாதீர்கள். உதிரிக்காகக் கொடுத்தால் நடந்ததை எழுதிக் கொடுங்கள்.

உங்களுக்கு இது என்ன இழப்பு என்று புரிகிறது. பொத்தான் இருக்குமிடம் பார்க்காமலே விரலுக்குத் தெரியும் கேமரா எளிதில் அமையாது. அதனாலேயே அதே மாடலைத் தேடச் சொல்கிறேன்.

---

ஒளித்துளை | எட்டாம் நாள், மதியம் 1:10

லென்ஸை வேறு பாடியில் பொருத்தும் முன் ஒரு எச்சரிக்கை: லென்ஸுக்குள் ஈரமோ உப்போ இருந்தால், தொடுமுனைகள் வழியாக நல்ல பாடியும் கெடும். முதலில் இருட்டறையில், டார்ச் ஒளியைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாய்ச்சி, முன்பக்கத்தால் பாருங்கள். மெல்லிய பால்நிறப் படலம், துளி காய்ந்த வளையம், நூல்போன்ற கிளைகள் எது தெரிந்தாலும் பொருத்தாமல் நேராகப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள். நூல் கிளை என்றால் பூஞ்சை, அதை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

ஆட்டினால் "கடக் கடக்" என்று சத்தம் வந்தால் உடனே பயப்பட வேண்டாம். நடுக்கம் தடுக்கும் வசதி உள்ள பல லென்ஸ்களில் மின்சாரம் இல்லாதபோது அந்தக் கண்ணாடித் தொகுதி தளர்வாக ஆடும். விபத்துக்கு முன் இல்லாத சத்தமா என்பதுதான் கேள்வி.

சுத்தமாக இருந்தால், தொடுமுனைகளை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் பொருத்தி, விழுந்ததில் லென்ஸின் உள்கண்ணாடி சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, எஃப் 4-இல் (அப்பர்ச்சர் முழுதாகத் திறந்த நிலை) லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்தபடி) நடுவில் ஃபோகஸ் செய்து எடுங்கள். நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். மங்கல் படத்தின் அதே மூலையிலேயே இருந்தால் பழுது லென்ஸிலோ மவுண்ட்டிலோ. எதிர் மூலைக்குப் போய்விட்டால் உங்கள் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

---

ஆலா | எட்டாம் நாள், இரவு 9:00

டார்ச்சில் முன்கண்ணாடி ஓரமாக ஒரு பால்நிற வளையம் தெரிகிறது. பொருத்தவில்லை, நாளையே சுத்தம் செய்யக் கொடுக்கிறேன். பாடியைப் பற்றி மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த தடவை சேற்றில் ட்ரைபாட் எப்படி நிறுத்துவது?

---

மடையான் | எட்டாம் நாள், இரவு 9:25

கேமராவை ஏற்றும் முன்பே கால்களைச் சேற்றில் அழுத்தி முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு காலையும் பிடித்து, இனி இறங்காது என்னும் வரை உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். இளகிய சேறானால் கால்முனைக்கு அடியில் 15 செ.மீ. அகலத் தட்டையான பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கட்டலாம். கால்களை அகல விரியுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். நீளமான லென்ஸ் முன்பக்கம் கனக்கும், ஆகவே ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையிலேயே இருக்கட்டும். லென்ஸ் காலரைத்தான் (லென்ஸைச் சுற்றியுள்ள பிடிவளையம்) ட்ரைபாட் தலையில் பொருத்த வேண்டும், பாடியை அல்ல. நிலை காட்டும் குமிழைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். குமிழ் நகர்ந்திருந்தால் ஒரு கால் இறங்கத் தொடங்கிவிட்டது. கேமரா வார் எப்போதும் கழுத்திலோ மணிக்கட்டிலோ இருக்கட்டும். நீர் ஏறும் நேரத்தில் கால்களைச் சுற்றியுள்ள சேறு இளகும், கெட்டியாக நின்ற ட்ரைபாட்டும் அப்போது சரியும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இடத்தை மாற்றிவிடுங்கள்.