மனோன்மணீயத்தைக் கூட்டாக வாசிக்கிறோம், ஆள் குறைந்துகொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டைக்காரன்:

தபால் துறையில் முப்பத்து நாலு வருஷம் முத்திரை குத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ரொம்ப நாள் ஆசை ஒன்று உண்டு. பழைய நாடகங்களை எடுத்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு, வாய்விட்டு வாசிக்க வேண்டும். வேஷம், மேடை, மைக் ஒன்றும் வேண்டாம். நாற்காலியும் புத்தகமும் சுக்குக் காப்பியும் போதும்.

தெரிந்தவர் ஒருத்தர் தன் தையல் கடை மாடியை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தருகிறேன் என்றார். முதல் நாடகம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மனோன்மணீயம்தான். அதை எழுதிய சுந்தரம் பிள்ளை எங்கள் ஊரில் வாத்தியார் வேலை பார்த்தவர். அவருடைய ஞானாசிரியர் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள். நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் அவர்தான் என்பார்கள். கதையிலும் பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் வந்து கோட்டை கட்டுகிறான். சூழ்ச்சிக்கார மந்திரி குடிலன் பேச்சைக் கேட்டுத்தான் கட்டினான், அது வேறு விஷயம். இதை விட்டுவிட்டு வேறு எதை வாசிப்பது?

முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று புத்தகம்தான் இருந்தது, மற்றவர்களுக்கு ஜெராக்ஸ். பாயிரத்தில் ஆரம்பித்தேன். 'நீராருங் கடலுடுத்த' என்று வாயைத் திறந்ததுமே எல்லாரும் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். அரசு விழாவில் பாடுவது சுருக்கம், புத்தகத்தில் இருப்பதோ நீளம். பாட்டில் வராத அடிகள் வந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். உட்காரவா, நிற்கவா? ஒரு பெரியம்மாவுக்கு மூட்டுவலி. கடைசி அடி வரை சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இரண்டாம் மாதம் ஆறு பேர். மூன்றாம் மாதம் நாலு பேர், அதில் ஒருத்தன் மாடியைப் பூட்ட வந்த பையன்.

காரணம் எனக்குத் தெரிகிறது. யார் வாசித்தாலும் பள்ளிக்கூட மனப்பாடச் செய்யுள் ராகம்தான் வருகிறது. அடிக்கு அடி ஒரு இழுவை, ஒரு நிறுத்தம். ஜீவக மன்னன் கோபப்படுகிறானா, கொட்டாவி விடுகிறானா என்றே தெரியவில்லை. ஐந்து அங்கம், இருபது களம், 4,500 அடிக்குக் குறையாது. இந்த வேகத்தில் போனால் கடைசிக் களத்தில் ஜீவகன் மகள் மனோன்மணி மாலையிடும்போது கேட்க நான் ஒருத்தன்தான் மிச்சமிருப்பேன்.

கூட்டு வாசிப்பு நடத்தியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். சில களங்களைச் சுருக்கிவிடலாமா? மனசு வரவில்லை.

---

நாஞ்சில் டீச்சர்:

சார், நீங்கள் அடி முடிகிற இடத்தில் நிறுத்துகிறீர்கள். நோய் அதுதான்.

இந்த நாடகத்தின் செய்யுள் வகையான ஆசிரியப்பாவில் அடி ஓரிடத்தில் முடியும், வாக்கியம் வேறிடத்தில் முடியும். பல சமயம் வினைமுற்று அடியின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் மூச்சு விட வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வாக்கியம் முடிகிற இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கோடு போடுங்கள். அதை வைத்து ஜெராக்ஸ் எடுங்கள். கோட்டில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பாதி ராகம் அங்கேயே கழன்றுவிடும். சந்தி பிரித்த பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, ஒவ்வொரு களத்துக்கும் முன்னால் யாராவது ஒருத்தர் பேச்சுத் தமிழில் இரண்டு நிமிஷம் கதை சொல்லட்டும். 'சேரன் கிட்ட குடிலன் மகன் பலதேவன் தூது போறான். கல்யாணம் பேசப் போனவன் நாஞ்சில் நாட்டைக் கேட்டு வம்பை வாங்கிட்டு வர்றான்.' இவ்வளவு தெரிந்தால் போதும், செய்யுள் தானாகப் புரிய ஆரம்பிக்கும். (எங்கள் நாஞ்சில் நாட்டை வைத்துச் சண்டை என்பதால் நான் நடத்திய கூட்டத்தில் சேரன் கட்சிக்கு ஏகப்பட்ட ஆதரவு.)

குடிலனை யாரிடம் கொடுத்தீர்கள்? நல்ல குரல் உள்ளவரிடம் கொடுத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள். சினிமா வில்லன் மாதிரி உறுமினால் ஜீவகன் முட்டாளாகத்தான் தெரிவான். இனிக்க இனிக்கப் பேசுகிறவர் வேண்டும். தனிமொழி வரும்போது மட்டும் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளட்டும். வேறு நடிப்பே வேண்டாம்.

சுருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சுந்தர முனிவரின் சீடர்கள் நிஷ்டாபரரும் கருணாகரரும் வாதம் செய்வதை ஒரு மாதம் தள்ளிப் போடலாம். ஆனால் வாணியின் காதலன் நடராசன் மண்புழுவைப் பார்த்துப் பேசும் இடத்தில் கை வைக்காதீர்கள். நாங்கூழ்ப் புழு மண்ணைத் தின்று பக்குவப்படுத்துவதை உழவனின் உழைப்போடு வைத்துப் பேசுகிறான். டார்வின் மண்புழுவைப் பற்றிப் புத்தகம் போட்டது 1881இல், மனோன்மணீயம் அச்சானது 1891இல். பிள்ளை அதைப் படித்தாரோ இல்லையோ, எங்கள் விலங்கியல் டீச்சர் அந்த ஒரு பக்கத்துக்காகவே எங்கள் கூட்டத்தில் சேர்ந்தார்.

---

புதுகை பபூன் ரசிகன்:

அண்ணாச்சி தப்பா எடுத்துக்காதீங்க. படிக்கிறதுக்குன்னே எழுதின நாடகத்தை எடுத்துக்கிட்டு ஆள் வரலைன்னா எப்படி? மேடைக்குன்னு நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகளைத் தொடுங்க. எங்க பக்கம் வள்ளி திருமணம்னா ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தவன் விடிஞ்சுதான் எந்திரிப்பான். ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு. ஒத்திகையே கிடையாது, மேடையிலதான் சந்திச்சுக்குவாங்க. எல்லாருக்கும் பாடம் நெஞ்சுல இருக்கு.

முழுசா வாசிக்கச் சொல்லலை, பாட்டுக்கு ஆர்மோனியம் வேணும். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தை மட்டும் ரெண்டு பேரை எதிரெதிரே உட்கார வச்சு வாசிங்க. மாடியைப் பூட்ட வந்த பையன் சாவியை மறந்துடுவான்.

---

சபாபதி தாசன்:

உரைநடை இருக்கும்போது ஏன் செய்யுளோடு மல்லுக்கட்ட வேண்டும்? பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யை எடுங்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். 1941இல் படமாக வந்ததைப் பார்த்தவர்கள் உங்கள் கூட்டத்திலும் இருப்பார்கள். சிரித்துப் பழகியவர்கள் அடுத்து 'மனோகரா'வுக்கு வருவார்கள், அப்புறம் அவர் 'அமலாதித்யன்' என்று தமிழாக்கிய ஹாம்லெட்டுக்கு வருவார்கள். அவர் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் உங்கள் மனோன்மணீயம் அச்சேறிய அதே 1891தான். தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், உத்தியோகம் பார்க்கிறவர்கள் மாலையில் கூடி நடத்திய சபை. உங்கள் தையல் கடை மாடிக்கு அதுதான் தாத்தா.

---

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நாலாவது கூட்டம் முடிந்தது.

டீச்சர், இரண்டு ராத்திரி உட்கார்ந்து பென்சில் கோடு போட்டேன். வீட்டுக்காரி 'பரீட்சைப் பேப்பர் திருத்துதியளா?' என்றாள். குடிலன் இதுவரை என்னிடம்தான் இருந்தான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிடுங்கி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அண்ணாச்சி ஒருத்தரிடம் கொடுத்தேன். மனுஷன் குரலை உயர்த்தவே இல்லை. 'சில்லறை இல்லையா சார், பரவாயில்லை, இறங்கும்போது வாங்கிக்கோங்க' என்கிற அதே குரலில் ராஜாவை ஏமாற்றினார். தனிமொழிக்கு ஜன்னல் பக்கம் திரும்பியதும் கீழே தெருவில் கீரை விற்கிறவன் சத்தம். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அவ்வளவு கவனம்.

மூட்டுவலிப் பெரியம்மா திரும்பி வந்தார். மனோன்மணியும் வாணியும் கழல் விளையாடுகிறார்கள் என்று முதல் அங்கத்தில் வருமே, அது என்ன என்று போன தடவை யாரோ கேட்டு நான் விழித்தேன். பெரியம்மா நாட்டு மருந்துக் கடையில் ஐந்து கழற்சிக்காய் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் காய்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற ஆட்டம்தான் கழல். அந்தக் களத்தை மறுபடி ஒரு தடவை வாசித்தோம். வாணியின் பேச்சை அவர்தான் வாசித்தார், ஒரு கையில் தாளும் மறு கையில் காயுமாக. ஒரு காய் மேசைக்கு அடியில் உருண்டு போய்விட்டது, வாசிப்பை நிறுத்திவிட்டு எல்லாரும் தேடினோம்.

ஏழு பேர் வந்திருந்தார்கள். பூட்ட வந்த பையனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவனுக்குப் பலதேவனைக் கொடுத்திருக்கிறேன்.

புதுகைத் தம்பி, தர்க்கத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எங்களில் வள்ளிக்கு வாய் பத்தாது. சபாபதி தாசன், உங்கள் யோசனையைச் சொன்னேன். கண்டக்டர் அண்ணாச்சி 'குடிலன் மாட்டிக்கிடுற வரைக்கும் நான் வேற எதுக்கும் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டார்.

இப்போது புதுச் சிக்கல். நாடகத்துக்குள் கதைப்பாட்டாக இருக்கும் சிவகாமி சரிதம் வருகிறது. அதை வாசிப்பதா, பாடுவதா? பாடுவதென்றால் யார் பாட? டீச்சர், உங்கள் கூட்டத்தில் என்ன செய்தீர்கள்?