யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் டேங்க்ல பெட்ரோல் ஒழுகுது, வழி சொல்லுங்க ப்ரோ
வணக்கம் நண்பர்களே, அப்பாவோட 1994 மாடல் வண்டி, ரொம்ப நாள் மழைல நின்னதால டேங்க் அடில துரு அரிச்சு ஜாயிண்ட் பக்கம் பெட்ரோல் கசியுது. முதல்ல பெட்ரோல் டேப் வாஷர்தான் போச்சுனு நினைச்சு மாத்தினோம், ஆனா தொடச்சுட்டு மாவு தூவி பார்த்தா ஈரம் டேப்ல இல்ல, தையல் ஓரத்துல இருந்துதான் வருது. இப்போதைக்கு சோப்பு தேய்ச்சு அடைச்சிருக்கேன், அது ரொம்ப நேரம் நிக்காதுனு தெரியும், அதனால பெட்ரோல் எல்லாம் இறக்கிட்டு வண்டிய எடுக்கவே இல்ல.

டிங்கர் அண்ணன் கேஸ் வெல்டிங் வச்சிரலாம்ங்கறார். எனக்கு அதான் பயம், காலி டேங்க்லயும் ஆவி நிக்கும்ல, தீ பட்டா வெடிச்சிரும். நல்லா கழுவி தண்ணி நிரப்பி வச்சு பண்ணா போதுமா? தகடு மெலிசா இருக்கு, சூட்டுல ஓட்டை பெருசாகுமோ, பித்தளை பத்தவைக்கிறது தேவலாமா? ஒரிஜினல் பெயிண்ட் வேற, அப்பா அத உயிரா வச்சிருக்கார்.

உள்ள துருவ எடுத்துட்டு டேங்க் லைனர் (உள்பக்கம் படிஞ்சு கசிவ அடைக்கிற பூச்சு) ஊத்தினவங்க யாராச்சும் இருக்கீங்களா, இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அது தாங்குதா? மதுரை பக்கம் பழைய டேங்க் வேலை தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லுங்க, புது டேங்க் மாத்த மனசு வரல.