கேமரா ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்துக்கு ஏத்தபடி, படம் பதியுற சென்சாரை நகர்த்தி படம் கலங்காம பாத்துக்கிற வசதி) போயிடுச்சா? ஒரு சோதனை பண்ணிச் சொல்லுங்க மக்கா

5 வருஷம் ஓடின மிரர்லெஸ் கேமரா பாடி. 50 எம்எம் லென்ஸ், 1/8 நொடி, கையில பிடிச்சு 20 படம். முன்னாடி 15 கலங்காம தேறும், இப்ப 6 தேறினாலே பெருசு. ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணி ட்ரைபாட்ல வச்சா பளிச்னு வருது. லென்ஸ்ல குறை இல்ல.

கேமராவை ஆஃப் பண்ணிக் குலுக்கினா 'டொக் டொக்'னு கேக்குறதைச் சொல்லல. சென்சாரை காயிலும் காந்தமும்தான் தாங்குது, கரண்ட் இல்லேன்னா அது தொங்கத்தான் செய்யும். பயப்பட வைக்கிறது வேற: மேசையில அசையாம வச்சு ஆன் பண்ணினா, திரையில படம் மெதுவா இடப்பக்கம் வழுக்கி, ஓரம் வரை போய், சட்டுனு நடுவுக்குத் தாவுது. கைரோ டிரிஃப்டா (அசைவை உணர்ற கைரோவோட அளவு தானா நகர்றது), சென்சார் நிக்குற இடத்தை அளக்குற ஹால் சென்சாரா? லென்ஸ் காண்டாக்ட் துடைச்சாச்சு, ரீசெட், ஃபர்ம்வேர் எல்லாம் முடிஞ்சுது. முட்டம் உப்புக்காத்து மேலயும், பைக் ஹேண்டில்ல மாட்டி எடுத்த வீடியோ மேலயும் சந்தேகம் உண்டு. பைக் அதிர்வு இந்த மிதக்குற சென்சாருக்கு ஆகவே ஆகாது.

பழைய பாடி வச்சிருக்கவங்க இதே 20 படத்தை ஆன்ல ஒரு தடவை, ஆஃப்ல ஒரு தடவை எடுத்து எண்ணிக்கை போடுங்க. வீட்டுக்குள்ள வச்சு எடுங்க, ஆரல்வாய்மொழிக் காத்துல நின்னு எடுத்த கணக்கு வேண்டாம்.

இன்னொண்ணு. ஸ்டெபிலைசேஷன் யூனிட்டை மாத்தினா சென்சார், லென்ஸ் மாட்டுற மவுண்டுக்கு இணையா நிக்கணும், இல்லேன்னா படத்துல ஒரு பக்கம் மங்கும். அந்த அலைன்மென்ட்டைச் சரியா செஞ்சு தர்றவங்க நாகர்கோவில்லயோ திருவனந்தபுரத்துலயோ இருக்காங்களா? என்ன செலவாச்சுன்னும் சொல்லுங்க.