லாப்ரடாரா, ஜெர்மன் ஷெப்பர்டா? குழந்தைகளும் முதியவரும் உள்ள தோப்பு வீட்டிற்கு எது பொருந்தும்?

கேள்வி: தோப்புவீடு (காவேரிப்பட்டணம்)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திற்கு அருகே மாந்தோப்பை ஒட்டிய வீட்டில் வசிக்கிறோம். என் கணவர், நான், ஏழு வயது மகன், நான்கு வயது மகள், கைத்தடி ஊன்றி நடக்கும் என் மாமியார் என வீட்டில் ஐந்து பேர். நாய் வளர்க்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். எந்த இனம் என்பதில்தான் முடிவு எட்டவில்லை.

என் கணவர் ஜெர்மன் ஷெப்பர்டு வேண்டும் என்கிறார். ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை மாங்காய்ப் பருவம் முழுவதும் அவர் மண்டிக்கும் மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளுக்கும் அலைவார். வீடு திரும்ப இரவாகிவிடும். அந்த நாள்களில் வீட்டிற்கும் தோப்பிற்கும் காவலாக இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். எனக்கோ, குழந்தைகளோடு ஒட்டி உறவாடும் லாப்ரடார் மேல் விருப்பம். எந்த நாய் வந்தாலும் உணவு வைப்பதும் குளிப்பாட்டுவதும் பெரும்பாலும் என் பொறுப்பாகத்தான் இருக்கும். வீட்டில் குளிர்சாதன வசதி இல்லை. கோடையில் வெயில் கடுமையாக இருக்கும். இரு இனங்களையும் வளர்த்தவர்களும் கால்நடை மருத்துவம் அறிந்தவர்களும் தங்கள் கருத்தைக் கூறினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

பதில்: தருமபுரியார்

வணக்கம் அம்மா. கால்நடை பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தருமபுரி, பென்னாகரம், காரிமங்கலம் பகுதிகளில் இவ்விரு இனங்களையும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன வீட்டிற்கு லாப்ரடாரே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

உருவத்தை வைத்து முடிவு செய்ய அதிகம் இல்லை. வளர்ந்த ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு தோள் உயரத்தில் 60 முதல் 65 சென்டிமீட்டரும், எடையில் 30 முதல் 40 கிலோவும் இருக்கும். ஆண் லாப்ரடார் உயரத்தில் சற்றுக் குறைவு, எடையில் ஏறத்தாழ அதேதான். உங்கள் மாமியாரை உற்சாகத்தில் தள்ளிவிடும் வலிமை இரண்டுக்கும் உண்டு. ஆகவே எதை வாங்கினாலும் ஆள்மேல் தாவக்கூடாது என்பதைக் குட்டியாக இருக்கும்போதே பழக்க வேண்டும். பெண் நாயாக இருந்தால் உருவமும் சற்றுச் சிறியதாக அமையும்.

உண்மையான வேறுபாடு, எந்த வேலைக்காக அவை உருவாக்கப்பட்டன என்பதில் இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டு, 1899-இல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மானியப் படை அதிகாரி, ஆட்டு மந்தைகளைக் காத்த நாய்களிலிருந்து நிலைப்படுத்திய இனம். மந்தையின் ஓரத்தில் நாள் முழுவதும் ஓடி, எது உள்ளே வருகிறது, எது விலகிச் செல்கிறது என்று ஓயாமல் கவனிப்பது அதன் இரத்தத்தில் ஊறியது. ஓடி விளையாடும் சிறு குழந்தைகளைக்கூட மந்தையாகக் கருதி வளைத்துப் பிடிக்கவும், குதிகாலில் மெல்லக் கவ்வவும் சில குட்டிகள் முற்படும். லாப்ரடாரின் மூதாதையரோ நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு உழைத்தவை. பின்னர் பிரிட்டனில், சுடப்பட்ட பறவையைச் சேதமில்லாமல் வாயில் எடுத்துவரப் பழக்கப்பட்டவை. மனிதர் கூட்டத்தில் இயல்பாக இருப்பதுதான் அவற்றின் தொழிலாகவே இருந்தது.

இதை உங்கள் தோப்போடு பொருத்திப் பாருங்கள். பருவத்தில் காய் பறிக்கும் ஆட்கள், கூடை சுமப்பவர்கள், வண்டி ஓட்டுநர்கள், மண்டிக்காரர்கள் என நாள்தோறும் புது முகங்கள் வந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரையும் எடைபோட்டுப் பார்க்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அது ஓய்வில்லாத மன அழுத்தம். அதைக் கட்டுப்படுத்த வேண்டிய உங்கள் கணவரும் அந்த மாதங்களில்தான் வீட்டில் இருக்கமாட்டார்.

வெயிலைப் பொறுத்தவரை லாப்ரடாருக்குச் சலுகை எதுவும் கிடையாது. இரண்டுமே குளிர்நாட்டிற்காக இரண்டு அடுக்கு மயிர் பெற்றவை. மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். ஓசூரில் வளர்ப்பவர்களுக்கு இது அவ்வளவு சிரமம் தராது, ஏனெனில் அவ்வூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்கு மேல் நடைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். பகலில் வீட்டிற்குள் சிமெண்ட் தரையில், மின்விசிறியின் கீழ் படுக்க இடம் கொடுங்கள். வெயிலுக்காக உடல் மயிரை மழித்துவிடும் வழக்கம் பரவிவருகிறது; அது தவறு. அந்த மயிர் வெயிலின் நேரடித் தாக்கத்தையும் ஓரளவு தடுக்கிறது. அடிமயிரைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நிற்காமல் மூச்சிரைத்து, கெட்டியான எச்சில் ஒழுகி, ஈறு சிவந்து, கால்கள் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கம். உடனே உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படச் செய்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்து உயிரிழந்த நாய்கள் பல.

பதில்: பாலக்கோட்டுக்காரன்

ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் ஜெர்மன் ஷெப்பர்டுக்காகச் சிறிது பேச விரும்புகிறேன். எங்கள் வீட்டில் தலைமுறையாக அல்சேஷன், அதாவது ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள்தான். என் அக்காவின் பிள்ளைகள் அவற்றோடுதான் வளர்ந்தார்கள்.

இந்த நாய் புதியவரைக் கண்டு பதறுவதற்குப் பெரும்பாலும் வளர்ப்புமுறைதான் காரணம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதை உலகின் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் வேட்டி கட்டியவர், தலைக்கவசம் அணிந்தவர், கைத்தடி ஊன்றியவர், டிராக்டர் ஓசை, கோயில் மேளம் எல்லாவற்றையும் பொறுமையாக அறிமுகப்படுத்தியிருந்தால், வளர்ந்தபின் அது காரணமில்லாமல் சீறாது. நம் ஊரில் செய்வது நேர்மாறானது. காவல் நாய் யாரோடும் பழகக்கூடாது என்று குட்டியிலிருந்தே சங்கிலியில் கட்டிவைக்கிறார்கள். அப்படி வளர்ந்த நாய் அச்சத்தில்தான் கடிக்கிறது. அதைக் காவல் என்று நினைத்துப் பெருமைப்படுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

ஆனால் சகோதரி, ஒரு நிபந்தனை உண்டு. தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம், ஓட்டமும் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். மூளைக்கு வேலை இல்லாத ஜெர்மன் ஷெப்பர்டு தானாகவே வேலையை உருவாக்கிக்கொள்ளும். கதவைப் பிறாண்டும், வேலியோரம் ஓடி ஓடிக் குரைக்கும், தன் வாலைத் தானே துரத்தும். உங்கள் கணவர் அந்த நேரத்தை ஆண்டு முழுவதும் தர முடியும் என்றால் அவர் விருப்பம் நியாயமானதே. முடியாது என்றால், அந்த நாயை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. இன்னொன்று: இந்த இனம் யார் கையில் பழகுகிறதோ அவரிடமே உயிராக இருக்கும். வேலையெல்லாம் நீங்கள் செய்தால் அது உங்கள் நாயாகத்தான் ஆகும், அவருடைய நாயாக அன்று.

தோப்புவீடு

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். பருவ மாதங்களில் அந்த ஒன்றரை மணி நேரம் தன்னால் முடியாது என்று அவரே சொன்னார். ஆனாலும், லாப்ரடார் குரைக்கவே குரைக்காதே, இரவில் தோப்பில் கட்டினால் பயன் உண்டா என்று கேட்கிறார். எங்கள் மாமியார், வீட்டில் செய்யும் ராகிக் களியையே நாய்க்கும் போடலாம் என்கிறார். இவற்றையும் விளக்குவீர்களா?

பதில்: மலையடிவாரம் (தேன்கனிக்கோட்டை)

தோப்பில் கட்டுவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எந்தப் பெரிய நாயையும் இரவில் தனியாகச் சங்கிலியில் கட்டாதீர்கள். எங்கள் பக்கம் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் சிறுத்தை முதலில் தூக்குவது கட்டிக்கிடக்கும் நாயைத்தான்; ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. உங்கள் ஊரில் சிறுத்தைப் பயம் இல்லாவிட்டாலும் கண்ணாடி விரியன் உண்டு. தரையில் எது அசைந்தாலும் மூக்கை நீட்டிப் பார்ப்பது நாயின் குணம். முகத்தில் கடிபட்டால் விடியும்வரை யாருக்கும் தெரியாது.

லாப்ரடார் குரைக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அதன் கனத்த குரல் வீட்டாரை எழுப்பும், அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்கலாம். தோப்புக் காவலுக்கு வேலியும் விளக்கும் ஓர் ஆளும் வேண்டும். அந்தப் பொறுப்பைக் குழந்தைகளோடு விளையாடும் நாயின் தலையில் ஏற்றுவது சரியன்று.

பதில்: நாட்டுநாய் அன்பர் (ஊத்தங்கரை)

வெயில்தான் கவலை என்றால் ஏன் நம் இராஜபாளையம் நாயை எண்ணிப் பார்க்கக்கூடாது? 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாயினங்களில் அதுவும் ஒன்று. குட்டை மயிர், நம் தட்பவெப்பத்திற்குப் பழகிய உடல், காவலிலும் குறைவில்லை.

பதில்: தருமபுரியார்

இராஜபாளையம் மீது எனக்கும் மதிப்பு உண்டு. வெயிலைத் தாங்குவதில் அதற்கு இவ்விரண்டும் ஈடாகா. ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்குமான நாய். ஒருவர் இருவரிடம் மட்டும் நெருங்கும். அந்நியரின் கை தன்மேல் படுவதை விரும்பாது. ஆள் நடமாட்டம் மிகுந்த தோப்பு வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்டைப் பற்றி நான் சொன்ன அதே சிக்கல் இங்கும் வரும். மேலும் முழு வெள்ளை நிறமுள்ள அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதால், குட்டியின் முதுகுப்புறம் நின்று ஒலியெழுப்பிச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

இனி, அம்மா கேட்டவை. ராகிக் களி கொஞ்சம் சேர்ப்பதில் தவறில்லை; எங்கள் வட்டாரத்தில் நாய்கள் காலங்காலமாக அதைத் தின்கின்றன. ஆனால் அது மட்டுமே உணவாக இருந்தால் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. முட்டை, வேகவைத்த கோழி இறைச்சி, இல்லையென்றால் பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீவனம் வேண்டும். எலும்பு உறுதியாகட்டும் என்று கால்சியம் மருந்தைத் தனியாக ஊற்றுவதை நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளின் குடல் மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது. அது எலும்பு வளர்ச்சியைத்தான் கெடுக்கும்.

லாப்ரடாரின் பெரிய எதிரி அதன் பசி. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, உண்டபின் நிறைவை உணர்த்தும் மரபணுவில் குறைபாடு இருப்பதைக் கண்டறிந்தார்கள். அது பார்க்கும் பார்வைக்கு இரங்கி ஆளாளுக்கு ஒரு தோசை போட்டால் மூன்று வயதிற்குள் உடல் பெருத்து இடுப்பு மூட்டு தேய்ந்துவிடும். ஒருவரே உணவு வைக்க வேண்டும். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் கையில் இருப்பதைப் பகிரக்கூடாது.

உங்கள் வீட்டிற்கு இதைவிட முக்கியமானது மாங்கொட்டை. தோப்பில் உதிர்ந்து கிடக்கும் செந்தூராவையும் பெங்களூராவையும் லாப்ரடார் விடாது. சதை கொஞ்சம் தின்பதால் கேடில்லை. கொட்டையை விழுங்கினால் அது குடலில் சிக்கி அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, உண்ணாமல், மலம் கழிக்காமல் நாய் சுருண்டு கிடந்தால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பல நேரங்களில் அறுவைச் சிகிச்சைதான் வழி. வீட்டைச் சுற்றித் தோப்பிலிருந்து பிரித்து ஒரு கம்பி வேலி போடுங்கள். நான் சொன்னவற்றில் ஒன்றையே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உண்ணி நம் மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் உண்டு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்களில் காய்ச்சலும் வெளிறிய ஈறும் உண்ணாமையும் தென்படும். மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தைத் தவறாமல் கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, மறுதவணையும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறாம் எட்டாம் வாரங்களுக்குள் தொடங்கிப் பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடரும்.

குட்டியை ஓசூரிலோ பெங்களூருவிலோ வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிப் பேருந்தில் வரவழைக்காதீர்கள். நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். அது அச்சமில்லாமல் உங்களிடம் வருகிறதா என்று கவனியுங்கள். பெற்றோர் நாய்களுக்கு இரண்டு வயதிற்குப் பின் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று கொடுத்தால், அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் வைத்த சிப்பின் எண்ணும் ஒன்றா என்று கருவியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள்.

இப்போதே வாங்கப் பரபரக்க வேண்டாம். ஆடி கழிந்து மாங்காய் வேலை ஓய்ந்ததும், ஆவணியில் ஒரு பெண் குட்டியைக் கொண்டுவாருங்கள். உங்கள் கணவரும் வீட்டில் இருப்பார். அடுத்த பருவம் தொடங்கும்போது அதற்கு ஒன்பது பத்து மாதம் ஆகியிருக்கும். வாயில் இருப்பதை ‘விடு’ என்றால் விடுவதற்கு அதற்குள் தாராளமாகப் பழக்கிவிடலாம்.